காத்துக்காரரும் பெட்ரோல் கிணறும்

பெட்ரோல் பங்க்கை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருப்பவருக்குக் காத்துக்காரர் என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. மூன்று பக்கம் தகரமும் ஒரு பக்கம் சாலையுமாக இருக்கும் கடை அது. உள்ளே ஒரு கம்ப்ரசர், அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. டியூபில் காற்றடித்துத் தொட்டியில் அமுக்குவார். குமிழி கிளம்பும் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான்" என்பார். அவர் விரல் வைத்த இடத்தில் ஓட்டை இல்லாமல் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீரிலும் அகப்படாத பொடிக் கசிவு என்றால் வால்வின் மூக்கில் எச்சில் தொட்டு வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

தொழில் கடையோடு நின்றுவிடவில்லை. வீட்டில் குக்கர் சீறினாலும், குழாய் முனகினாலும், குழந்தைகளின் பலூன் சுருங்கினாலும் அவரால் கை வைக்காமல் இருக்க முடியாது. "இவர் பக்கத்துல நின்னு ஒரு பெருமூச்சு விட முடியுதா? எங்க கசியுதுன்னு பாக்க வந்துடுவாரு" என்பாள் மனைவி.

கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சந்து தள்ளி, அவருடைய அக்காவின் சலவைக்கடை. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள். யார் யாருடைய வீட்டிலோ துணி துவைத்துத் தம்பியை வளர்த்தவள் அக்கா. பிறகு ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, துவைக்கிற டிரம் இரண்டும் இஸ்திரிக்கு நீராவி தருகிற பாய்லர் ஒன்றும் போட்டு, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்தக் கட்டடத்தை அவள் பிடித்ததற்கு ஒரே காரணம் பின்கட்டில் இருந்த கிணறு. அதன் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைத்தது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. அக்கா இருக்கிற இடத்துக்கு முன்னால்தான் கடை போடுவேன் என்று தம்பியும் இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் அக்கா ஒரு விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்தாள்.

"மோந்து பாரு."

மோந்து பார்த்தார். "பெட்ரோல்."

"உன் கைதானே பட்டுச்சு? துணி காயுற இடத்துல வந்து கையைத் துடைச்சியா?"

"அக்கா, நான் கையைத் துடைச்சா கிரீஸ் வாடை வரும். இது பெட்ரோல்."

"ரெண்டும் ஒரே நாத்தம்தான்டா."

ஒரே நாற்றம் இல்லை. மறுநாள் எல்லா விரிப்பிலும் அடித்தது. பிறகு தொட்டித் தண்ணீரில் அடித்தது. கடைசியில் கிணற்றை எட்டிப் பார்த்தபோது மூச்சை இழுக்க முடியவில்லை. பங்க்கின் அடியில் புதைத்திருந்த இரும்புத் தொட்டி துருப்பிடித்து, யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்துப் புதுத் தொட்டி வைத்தார்கள். ஒழுகியது ஒழுகியதுதானே. நிலத்தடி நீரில் கலந்தது கலந்ததுதான். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். அக்கா வண்டித் தண்ணீரை வைத்து ஓட்டினாள். அந்தத் தண்ணீரில் துணி மங்கலாக வந்தது. விடுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

கட்டடக்காரர் வந்து பார்த்தார். "ஒப்பந்தம் முடியுற வரைக்கும் பாக்குறேன். கிணறு சரியாச்சுன்னா இருங்க. இல்லேன்னா மண்ணைக் கொட்டி மூடிட்டு இடத்தைக் கிடங்குக்கு விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் நிலத்தடி நீர் பொறியாளர். பங்க் கம்பெனியும் நகராட்சியும் சேர்ந்து அனுப்பிய இளம் பெண். தெருவில் எல்லோருக்கும் அவர் தண்ணி மேடம். சந்து நெடுகத் துளை போட்டுக் குழாய் இறக்கினார். காத்துக்காரர் சாலையில் வாடிக்கை இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றார்.

"கிணத்துத் தண்ணியை எறைச்சு எறைச்சு ஊத்தப் போறீங்களா மேடம்?"

"இல்லண்ணே. எறைச்சா மண்ணுல ஒட்டியிருக்கற பெட்ரோல் திரும்பத் திரும்பத் தண்ணில இறங்கும். கீழயே அதைத் தின்னுடறதுக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

"பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாத உயிர். எல்லா மண்ணுலயும் இருக்கும். அதுல பெட்ரோலைத் தின்னு உயிர் வாழுற ஜாதியும் இருக்கு."

காத்துக்காரர் சிரித்துவிட்டார். "பெட்ரோல் குடிக்கற பூச்சியா? பங்க்காரர் காதுல போட்டுடாதீங்க, பயந்துடுவாரு."

"நெஜமாத்தான் சொல்றேன். ஆனா அதுக்கும் நம்மளை மாதிரி ஆக்சிஜன் வேணும். பெட்ரோல் வந்ததும் ஆசை ஆசையாத் தின்னுச்சு, தண்ணில இருந்த ஆக்சிஜன் பூரா தீந்து போச்சு. இப்ப எலை நெறையச் சோறு இருக்கு, மூச்சு விட வழியில்ல. நாம மேலேருந்து காத்து அனுப்பினாப் போதும். மத்ததை அது பாத்துக்கும்."

சோறும் மூச்சும் என்று சொன்னதும் அவருக்குப் பிடிபட்டது. இருந்தாலும் அந்தப் பெண்ணை முழுதாக நம்பியது வேறு ஒரு விஷயத்தால். சோதனைக்காக மேடம் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்துக் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் நிரப்பினார். விளிம்புக்கு மேல் தண்ணீர் மேடாக நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டினார். உள்ளே கடுகளவு குமிழி ஒன்று ஏறியது. அப்படியே கீழே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார்.

"இத்தனூண்டு குமிழிக்கா கொட்டிட்டீங்க?"

"குமிழி இருந்தா பெட்ரோல் அதுக்குள்ள ஓடிப் போயிடும். கணக்குத் தப்பாயிடும்."

குமிழியைப் பொறுக்காத ஓர் ஆளை அவர் முதல்முறையாகப் பார்த்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "நம்ம ஆளு" என்றார்.

குழாய்க்குக் காற்று அனுப்பப்போகும் கம்ப்ரசரைக் கவனிக்க அக்கம்பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது. தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தன் கம்ப்ரசரையே தருவதாகவும் சொன்னார். மேடம் தலையை ஆட்டினார். "உங்க மெஷின் காத்துல எண்ணெய் வரும்ணே. எண்ணெயை எடுக்க வந்த எடத்துல நாமளே எண்ணெய் விடக் கூடாது." கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் எண்ணெயே படாத காற்றைத் தரும் புது மெஷின், அதற்காகச் சந்தில் போட்ட தகரக் கொட்டகையில் வந்து இறங்கியபோது, அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "தங்கம்" என்றார்.

வேலை பெரிதில்லை. வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அழுத்த மீட்டரைப் பார்க்க வேண்டும், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருந்தால் அடைக்க வேண்டும். காற்று குழாய் வழியே நீர்மட்டத்துக்குக் கீழே போய், மண்ணின் இடுக்குகளில் நுழைந்து மேலே ஏறும்.

முதல் மழை பெய்த அன்று சந்தில் தண்ணீர் தேங்கியது. கடையைத் திறக்க வந்தவர் அப்படியே நின்றார். தேங்கிய தண்ணீரில் ஒரு மூலையில் குமிழி. கொஞ்சம் தள்ளி இன்னொரு மூலையில், சுவரோரம் சிமெண்ட் வெடித்த இடத்தில், பானை கொதிப்பது மாதிரி இன்னும் நிறையக் குமிழி.

மற்றவர்களாக இருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவரால் முடியுமா? அக்காவின் கிணற்றுக்குள் போக வேண்டிய காற்று வெட்டவெளியில் வீணாகிறது. கடுகளவு குமிழிக்கே குப்பியைக் கொட்டுகிற மேடத்துக்கு இது தெரிந்தால் என்ன ஆவது! களிமண்ணைப் பிசைந்து வெடிப்பில் அப்பினார். மேலே சிமெண்ட் பூசினார். குமிழி நின்றது, வேறொரு பக்கம் கிளம்பியது. அதையும் அடைத்தார். சந்து முழுவதும் தவழ்ந்து தவழ்ந்து அடைத்தார். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து பார்த்துவிட்டு, "ஊரோட ஓட்டையெல்லாம் நீங்கதான் அடைக்கணும்னு எழுதியா வெச்சிருக்கு?" என்றாள்.

"இங்க பாரு, மீட்டர் ஏறுது. உள்ள காத்து நிக்குதுன்னு அர்த்தம்."

அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு அதுதான் அர்த்தம்.

மறுநாள் காலையில் சலவைக்கடையிலிருந்து அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். உள்ளே தரையில் துணி துவைத்த கழிவுநீர் போகும் வாய்க்கால் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, பாய்லர் பற்றவைக்கக் கையில் எடுத்த தீப்பெட்டியை வாடை வந்ததும் அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"என்னடா பண்ணின?"

"கசிவை அடைச்சேன்கா..."

"கசிவை அடைச்சியா? என்னையே கொளுத்தியிருப்ப!"

மேடம் வந்து முதலில் மெஷினை நிறுத்தினார். ஜன்னல் கதவெல்லாம் திறக்கச் சொன்னார். பிறகு சந்தில் குனிந்து சிமெண்ட் திட்டுகளைப் பார்த்தார். காத்துக்காரர் எதையும் மறைக்கவில்லை. எங்கெங்கே அடைத்தார் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இது டியூப் இல்ல" என்றார் மேடம். "காத்து உள்ள தங்கறதுக்கு அனுப்பல. தண்ணி வழியா போறப்ப ஆக்சிஜனைக் கரைச்சுட்டு, மிச்சம் மேல வந்து வெளிய போயிடணும். போறப்ப கொஞ்சம் பெட்ரோல் ஆவியையும் இழுத்துட்டுத்தான் போகும். நீங்க அடைச்சதும் அது வேற வழி தேடி உங்க அக்கா வீட்டுத் தரைக்குப் போயிடுச்சு."

"அப்ப அந்தக் குமிழி..."

"நீங்க அடைச்சது ஓட்டையை இல்லண்ணே. மூக்கை." மேடம் நிமிர்ந்து, "எங்க அடைக்கணும்னு சொல்லித் தந்தேன், எங்க அடைக்கக் கூடாதுன்னு சொல்லல. ஆவியை இழுத்துக் கரி வழியா வெளிய விடற குழாயை மொதல்லயே போட்டிருக்கணும். அது என் தப்பு. அவ்வளவு குமிழி வருதுன்னா காத்தும் அதிகம். ஒரே பாதையைப் பிடிச்சு மேல ஓடிடுது, மத்த மண்ணுக்குப் போகவே இல்ல" என்றார்.

வாடை தெருவுக்கே தெரிந்துவிட்டது. கட்டடக்காரர் மத்தியானமே வந்து நின்றார்.

"போதும்மா. தோண்டினது போதும், ஊதினது போதும். கிணத்தை மூடிடறேன்."

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "மூடினா பெட்ரோல் எங்க போகும்? மண்ணுக்குள்ளதானே கெடக்கும். கிடங்குக்கு வர்றவன் மூக்கை வீட்ல வெச்சுட்டா வருவான்?"

"அதுக்காக..."

"ஒப்பந்தம் முடியுற வரைக்கும்னு சொன்னீங்கல்ல? அதுவரைக்கும் கிணத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"இந்த நாத்தத்துக்கு யாரும்மா பொறுப்பு?"

அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள். "இவன். தெனம் காலைல பாய்லர் போடறதுக்கு முன்னாடி உள்ள வந்து நிப்பான். இவன் நின்னு பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் நெருப்பு வைப்பேன்."

மூக்கை மட்டும் நம்பக் கூடாது என்று மேடம் ஆவி அளக்கிற கைக்கருவி ஒன்றைக் கொடுத்தார். சந்தில் கரி நிரப்பிய பீப்பாயோடு ஆவி இழுக்கும் குழாய்கள் வந்தன. காத்துக்காரர் தான் பூசிய சிமெண்டையெல்லாம் உளியால் கொத்தி எடுத்தார். வாழ்நாளில் அடைத்த ஓட்டையைத் தானே திறந்தது அதுதான் முதல்முறை. ஒவ்வொரு திட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்து இன்னும் கஷ்டமான வேலை. காற்றைக் குறைக்க வேண்டும். அதுவும் விட்டு விட்டு. கொஞ்ச நேரம் ஓடும், அதைவிட அதிக நேரம் நிற்கும். மெஷின் நிற்கும்போது தண்ணீர் மறுபடி இடுக்குகளில் புகுந்து, கரைந்த ஆக்சிஜனைச் சுற்றிலும் கொண்டுபோகும் என்றார் மேடம். "தெரியுது, தெரியுது" என்றார் இவர். ஆனால் மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் கைவேலையை விட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். குறைந்த காற்றோடு ஒரு வண்டியை அனுப்பிவைத்த மாதிரி மனசு அடித்துக்கொண்டது.

அக்கா அவரோடு பேசவில்லை. எல்லாம் அவர் மனைவி வழியாகத்தான். அதுவும் மூவரும் ஒரே அறையில் நிற்கும்போது.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, நாளைக்கு வேலை அதிகம், சீக்கிரம் வரணும்னு."

"என்னங்க, அண்ணி சொல்றாங்க..."

"காதுல விழுந்துச்சு. வரேன்னு சொல்லு."

"எனக்கும் காது கேக்குதுன்னு சொல்லு."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும்தான் காது நல்லாக் கேக்குதே, நடுவுல நான் எதுக்கு? எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

தினம் காலையில் அவர் சலவைக்கடையின் தரைத் துவாரத்தருகே குந்தி உட்கார்ந்து கருவியைப் பிடிப்பார். அது பூஜ்யம் காட்டும். அதன் பிறகும் தானாக ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்ப்பார். "சரி" என்பார், சுவரைப் பார்த்து. பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

மேடம் சந்தில் இறக்கிய குழாய்களின் தண்ணீரில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்தார். ஆக்சிஜன் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. காத்துக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"இவ்வளவு நாள் ஊதியும் ஒண்ணும் இல்லையா மேடம்? காத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமா?"

மேடம் சிரித்தார். "இல்லாததுதான் நல்ல சேதி. நாம அனுப்பற ஆக்சிஜன் வந்த வேகத்துல தீந்து போகுது. பசியோட இருக்கறவங்களுக்குப் பரிமாறினா எலையில மிச்சம் இருக்குமா? பெட்ரோல் அளவைப் பாருங்க, எறங்க ஆரம்பிச்சிருக்கு. சாப்பாடு முடியறப்ப ஆக்சிஜன் தானா மிஞ்சும்."

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்தார். என்ன என்று மனைவி கேட்டாள். "நம்ம தெருவுக்கடியில பந்தி நடக்குது" என்றார். பேச்சில் சில மாதங்களாக இல்லாத துள்ளல். கடைக்கு வருகிற லாரிக்காரர்களுக்கும் இதையே சொன்னார். சிலர் நம்பினார்கள். ஒருவர் மட்டும், "நம்ம வண்டி டேங்க்குக்குள்ள அது வந்துடாதே?" என்று கவலையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

பெட்ரோல் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் துவாரத்தருகே குந்தியிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தள்ளி உக்காரு. ஈரத்துணி எடுத்துட்டுப் போகணும், வழியை அடைச்சுட்டு உக்காந்திருக்க."

நகர்ந்து உட்கார்ந்தார். கூடையோடு அக்கா கடந்துபோன பிறகுதான், அது தன்னிடம் நேராகச் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. சாயங்காலம் அவருக்கும் சேர்த்து டீ வந்தது.

குழாயில் ஆக்சிஜன் நிற்க ஆரம்பித்தது. கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல், துவைக்க அனுமதிக்கிற அளவுக்குக் கீழே இறங்கியது. காத்துக்காரர் பூட்டைத் திறக்கச் சாவியோடு வந்துவிட்டார். மேடம் கையைக் காட்டித் தடுத்தார்.

"இப்பத்தாண்ணே உண்மையான பரீட்சை. மெஷினை நிறுத்திடணும். காத்து இல்லாம விட்டுப் பாத்து, மண்ணுல ஒளிஞ்சிருக்கறது எதாவது திரும்பத் தண்ணில இறங்குதான்னு பாக்கணும்."

"இறங்கினா?"

"மறுபடி ஊதணும்."

ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஊத அவகாசம் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். நிறுத்தாமலே வந்த கணக்கைக் கட்டடக்காரரிடம் காட்டிவிடலாமே என்று அவர் நாக்கு நுனிவரை வந்தது. அக்காவைப் பார்த்தார்.

"நிறுத்து" என்றாள் அக்கா. "இன்னிக்குக் காட்டிட்டு நாளைக்கு விரிப்புல நாறினா, அப்புறம் எந்த விடுதிக்காரன் என் வாசலுக்கு வருவான்?"

அவரே போய் சுவிட்சை அமுக்கினார். மெஷின் இரண்டு உதறல் உதறி அடங்கியது. அடுத்து வந்த வாரங்களில் அவர் கடையில் இருந்ததைவிடச் சந்தில் நின்றதுதான் அதிகம். செய்வதற்கு ஒன்றுமில்லை. அடைக்கவும் ஒன்றுமில்லை, திறக்கவும் ஒன்றுமில்லை. கீழே இருப்பவை தம் வேலையை முடித்துவிட்டனவா என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முட்டை பொரியறதுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கறாரு" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் நின்றாள்.

மேடம் வந்து கிணற்றிலும் குழாய்களிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். முடிவு ஆய்வகத்திலிருந்து போனில் வந்தது. கேட்டுக்கொண்டே தலையாட்டிய மேடம், "ஏறலண்ணே" என்றார். "அப்படியே இருக்கு. ஒரு குழாயில இன்னும் கொறைஞ்சிருக்கு."

குடிக்க இன்னும் கூடாது, அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும், ஆனால் தாராளமாகத் துவைக்கலாம் என்றார். கட்டடக்காரர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். படித்ததோடு விடவில்லை, கிணற்றடிக்கு வந்து மூடியைத் தூக்கச் சொல்லிக் குனிந்து மோந்தார். நிமிர்ந்து, "பாசி வாடைதான் அடிக்குது" என்றார்.

"கிணறுன்னா பாசி வாடைதான் அடிக்கும்" என்றாள் அக்கா. "ஒப்பந்தத்தை எப்ப எழுதலாம்?"

"எழுதலாம், எழுதலாம். நாளைக்கே வரேன்."

மோட்டாரைப் போட்டதும் முதலில் துருநிறத்தில் வந்தது. அதை ஓடவிட்டார்கள். மெல்ல மெல்லத் தெளிந்தது. அக்கா வாடிக்கைத் துணியைத் தொடவில்லை. தன் வீட்டு விரிப்பு ஒன்றை டிரம்மில் போட்டு எடுத்து, வெயிலில் உலர்த்தி, முகத்தைப் புதைத்து மோந்தாள். தம்பி மனைவியிடம் கொடுத்தாள். அவள் மோந்துவிட்டுக் கணவனிடம் கொடுத்தாள். அவர் ரொம்ப நேரம் மோந்துகொண்டிருந்தார்.

"என்னடா, தூங்கிட்டியா?"

"சோப்பு வாடைக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப போய் தண்ணி வண்டிக்காரன்கிட்ட சொல்லிடு, நாளையிலேருந்து வர வேணாம்னு."

வண்டி பங்க் வாசலில் நின்றிருந்தது. காத்துக்காரர் போய்ச் சொன்னார்.

"ஏன், கிணறு எழுந்துருச்சா?" என்றார் வண்டிக்காரர்.

"எழுந்துருச்சு."

"அப்ப என் பொழப்பு?"

"ஊருக்கெல்லாம் தாகம் இருக்கு, போப்பா. உனக்கா வேலை இல்ல?"

வண்டி கிளம்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு டிரம்களும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன.